கடைசி வரி வரை வாசிக்கிறவருக்கு ஃபீல்ட் டெஸ்ட் எதற்கு?

"கடைசி வரி வரைக்கும் வாசிச்சுட்டேனே, இன்னும் என்னத்துக்கு ஒரு டெஸ்ட்டு?" மும்பையில் நான் ஆப்டோமெட்ரிஸ்ட்டாக (கண் பார்வையைச் சோதிப்பவராக) வேலை பார்க்கும் கண் கிளினிக்கில் தமிழ்ப் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள். எழுத்துப் பலகையில் 6/6, அதாவது வாசிப்பில் குறையில்லை என்று வாங்கிய பிறகும் ஓர் இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, கையில் பட்டனைக் கொடுத்தால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். பலருக்கு அதற்குப் பதில் கிடைப்பதில்லை. வெளியே கூட்டம், உள்ளே நேரமில்லை, நடுவில் மொழி வேறு. அந்தப் பதிலைத்தான் இங்கே நிதானமாகச் சொல்லப் போகிறேன். மற்ற கண் பரிசோதனைகளில் நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், மிஷினும் டாக்டரும் வேலையை முடித்துவிடுவார்கள். இதில் பதில் சொல்வது நாம்தான். விஷயம் தெரிந்து உள்ளே போகிறவருடைய ரிசல்ட்டுக்கும், தெரியாமல் போகிறவருடைய ரிசல்ட்டுக்கும் வித்தியாசம் இருக்கும்.

எழுத்துப் பலகை சோதிப்பது பார்வையின் நட்டநடுவை மட்டும். இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் கண்ணை நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணை அசைக்காமல், நான்கு சொல் தள்ளி என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். முடியாது. அங்கே எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்பது தெரியாது. விழித்திரையின் மையத்தில், ஒளியை உணரும் கூம்பு செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. வாசிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. அதைச் சுற்றி வெளியே போகப்போகக் கூம்பு செல்கள் குறைந்து, மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்யும் குச்சி செல்கள் கூடுகின்றன. மையத்திலிருந்து சுமார் 20 டிகிரி தள்ளி அவைதான் மிக அடர்த்தி.

இந்தச் சுற்றுப் பார்வைக்கு எழுத்து தெரியாது. ஆனால் அசைவு தெரியும். தாராவியில் 90 அடி ரோட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கக் கடையைப் பார்த்துக்கொண்டு நடந்தாலும், வலப்பக்கமிருந்து ஒரு பைக் வருவது ஓரக்கண்ணில் தட்டுப்படுகிறது, கால் தானாக நிற்கிறது. தாதர் ஸ்டேஷன் பாலத்தில் கூட்டத்தோடு இறங்கும்போது யாரும் குனிந்து ஒவ்வொரு படியாகப் பார்ப்பதில்லை. பார்வை எதிரே இருக்கிறது, படியைக் கீழ்ப்பார்வை கவனித்துக்கொள்கிறது. இவை போய்விட்டால் பேப்பர் வாசிக்கலாம், பஸ் நம்பர் சொல்லலாம், ஆனால் தெருவில் தனியாக நடக்கப் பயமாக இருக்கும்.

கண்ணை நேரே நிறுத்தி வைத்திருக்கும்போது ஒரு கண்ணுக்குத் தெரியும் மொத்தப் பரப்பைப் பார்வைப் புலம் என்கிறோம். ஆரோக்கியமான கண்ணில் அது மேலே சுமார் 60 டிகிரி, மூக்குப் பக்கம் சுமார் 60, கீழே 70க்குக் கொஞ்சம் மேல், காதுப் பக்கம் 90க்கும் மேல். மூக்கும் புருவமும் ஓரளவு மறைப்பதால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு இருப்பதில்லை. இந்தப் பரப்பில் எங்கே பார்வை நன்றாக இருக்கிறது, எங்கே மங்கியிருக்கிறது, எங்கே இல்லவே இல்லை என்று படம் போட்டுக் காட்டுவதுதான் ஃபீல்ட் டெஸ்ட். மருத்துவச் சீட்டில் பெரிமெட்ரி என்றும் எழுதியிருப்பார்கள்.

போனது ஏன் தெரிவதில்லை

"பார்வை போனா எனக்குத் தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியாது என்பதற்கு உங்கள் கண்ணிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு சிறிய கூட்டல் குறி போடுங்கள். அதிலிருந்து வலப்பக்கம் நேராக 8 சென்டிமீட்டர் தள்ளி, பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போகும். அங்கே ஓட்டையோ கறுப்போ தெரியாது, வெறும் வெள்ளைத் தாள் தெரியும்.

கண் நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. பார்வையின் மையத்திலிருந்து காதுப் பக்கமாகச் சுமார் 15 டிகிரி தள்ளி, எல்லோருக்கும் இந்தக் குருட்டுப்புள்ளி உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த எத்மே மரியோத் 1660களில் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை மனிதர்கள் இதை அறியவில்லை. அத்தனை காலமும் எல்லோர் கண்ணிலும் இருந்தும் எவருக்கும் படவில்லை. காலியான இடத்தை மூளை சுற்றியிருப்பதை வைத்து நிரப்பிவிடுகிறது. ஒரு கண்ணில் இல்லாததை இன்னொரு கண் காட்டிவிடுகிறது.

நோயால் போகும் பார்வைக்கும் இதே கதிதான். கிளாக்கோமாவில் கண் நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகின்றன. ஒரு கண்ணில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமான பங்கு போன பிறகுதான் ஃபீல்ட் டெஸ்ட்டிலேயே தெரிய ஆரம்பிக்கும். நோயாளி தானாக உணர்வது அதற்கும் வெகு காலம் கழித்து. கிளாக்கோமாவின் பரவலான வகையில் வலியில்லை, சிவப்பில்லை, மையப் பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. தமிழ்நாட்டில் மக்களிடையே நடத்திய ஆய்வுகளில், கிளாக்கோமா இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். போன இழை திரும்பாது. சொட்டு மருந்தும் லேசரும் ஆபரேஷனும் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இவ்வளவு பிடிவாதம்.

கண் பிரஷர், அதாவது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம், நார்மல் என்று சொல்லிவிட்டார்களே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பிரஷர் நார்மலாக இருந்தே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. பிரஷர், நரம்பின் தோற்றம், ஃபீல்ட் டெஸ்ட் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார்.

விரலில் தொடங்கி மிஷின் வரை

மிக எளிய முறைக்கு மிஷினே வேண்டாம். டாக்டர் ஒரு கை தூரத்தில் எதிரே உட்கார்ந்து, உங்களை ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன் மூக்கைப் பார்க்கச் சொல்வார். அவரும் எதிர்க்கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நான்கு மூலைகளிலும் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பார். தன் பார்வையை அளவுகோலாக வைத்து உங்களுடையதை ஒப்பிடுகிறார். அரைப்பக்கம் முழுதாகப் போயிருந்தால் இது ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஆரம்பக் கிளாக்கோமாவைக் காட்டாது.

அளந்து குறிக்கும் பழக்கத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மானிய டாக்டர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, 1856இல். டென்மார்க்கின் யானிக் பியெரும் 1889இல் தன் அறைக் கதவின் பின்புறத்தையே கறுப்புத் திரையாக்கி, அதன் முன் சின்ன வெள்ளைப் பொருளை நகர்த்தி அளந்தார். கிளாக்கோமாவில் வரும் வில் வடிவக் குறையை இன்றும் அவர் பெயரால் குறிப்பிடுகிறவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஹன்ஸ் கோல்ட்மன் 1945இல் அரைக்கோளக் கிண்ணம் ஒன்றைச் செய்து, பின்னணி வெளிச்சம், புள்ளியின் அளவு, தூரம் எல்லாவற்றுக்கும் ஒரு நியதி வைத்தார். இன்று கிளினிக்குகளில் இருக்கும் ஹம்ஃப்ரி, ஆக்டோபஸ் போன்ற கம்ப்யூட்டர் மிஷின்கள் அந்தக் கிண்ணத்தின் வாரிசுகள். தலையில் மாட்டிக்கொள்ளும் வகையும் இப்போது வந்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

சுற்றுப்பார்வை டெஸ்ட் என்றதும் காதுக்குப் பக்கத்தில் வெளிச்சம் வரும் என்று நினைப்பார்கள். கிளாக்கோமாவுக்கு வழக்கமாகச் செய்யும் டெஸ்ட்டில் அப்படி வருவதில்லை. சீட்டில் 24-2 அல்லது 30-2 என்று எழுதியிருக்கும். முதல் எண், மையத்திலிருந்து எத்தனை டிகிரி வரை சோதிக்கிறார்கள் என்பது. இரண்டாவது, புள்ளிகளை அடுக்கும் முறைக்கான எண். அந்த எல்லைக்குள்தான் நரம்பிழைகளின் பெரும் பங்கு வேலை செய்கிறது, கிளாக்கோமாவின் சேதமும் பெரும்பாலும் அங்கேயே தெரியத் தொடங்குகிறது. இன்னும் வெளியே போனால் நேரம் கூடும், பதில்களும் நிலையில்லாமல் ஆடும். 24-2இல் 54 இடங்கள், 30-2இல் 76 இடங்கள். புள்ளிக் கோலத்துக்கு வைப்பதைப்போல் வரிசையாக, 6 டிகிரி இடைவெளியில் வைத்த புள்ளிகள்.

தாடையை அதற்கான தாங்கியில் வைத்து, நெற்றியை முன்பட்டியில் ஒட்ட வேண்டும். ஒரு கண்ணுக்குத் திரை. இன்னொரு கண்ணுக்கு முன்னால், 30 சென்டிமீட்டர் தூரம் தெளிவாகத் தெரிவதற்கான லென்ஸை வைப்போம். 40 வயதைத் தாண்டியவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படும், பவர் இல்லை என்று சொல்கிறவருக்குக்கூட. கிண்ணத்தின் நடுவில் ஒரு மஞ்சள் வெளிச்சம் நிலையாக எரியும். டெஸ்ட் முடியும்வரை பார்வை அதன்மேல்தான் இருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மினுங்கி மறையும். பட்டால் பட்டனை அழுத்த வேண்டும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. 'தெரிகிறதா இல்லையா' என்பதோடு மிஷின் நிறுத்திக்கொள்வதில்லை. 'எவ்வளவு மங்கலானது வரை தெரிகிறது' என்று தேடுகிறது. ஓரிடத்தில் ஒரு வெளிச்சத்தைக் காட்டும். நீங்கள் அழுத்தினால் அதே இடத்தில் அடுத்தமுறை இன்னும் மங்கலாகக் காட்டும். அதற்கும் அழுத்தினால் இன்னும் மங்கல். நீங்கள் அழுத்தாமல் விடும்வரை இறங்கி, பிறகு கொஞ்சம் ஏறிப் பார்த்து, இந்த அளவு என்று குறித்துக்கொள்ளும். ஒரே புள்ளியைத் தொடர்ந்து காட்டினால் நீங்கள் எதிர்பார்த்து அழுத்திவிடுவீர்கள் என்பதால் 54 இடங்களுக்கும் மாறி மாறி ஓடும். உங்கள் வயதில் ஆரோக்கியமானவருக்கு எவ்வளவு தெரியும் என்ற கணக்கு அதனிடம் முன்கூட்டியே இருப்பதால், தேவையில்லாத கேள்விகளைத் தவிர்த்து ஒரு கண்ணை ஏறக்குறைய 3 முதல் 7 நிமிடத்தில் முடித்துவிடும்.

ஆக, கண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காட்டும் வெளிச்சங்களில் ஏறக்குறைய பாதி தெரியாது. தெரியாத அளவுக்கு மிஷினே வேண்டுமென்று கொண்டுபோகிறது. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் மனிதர்கள் படும் பாட்டை நான் தினமும் பார்க்கிறேன். சில விநாடிகள் எதுவும் தெரியவில்லை என்றதும் பதற்றம் வந்துவிடும். கண் போய்விட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே கண் அங்குமிங்கும் வெளிச்சத்தைத் தேடி ஓட ஆரம்பிக்கும். இன்னும் சிலர் தோற்றுப்போகக் கூடாதென்று சந்தேகத்துக்கெல்லாம் அழுத்துவார்கள். இரண்டுமே ரிசல்ட்டைக் கெடுத்துவிடும். இதில் பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது.

நீங்கள் சரியாகப் பதில் சொல்கிறீர்களா என்றும் மிஷின் இடையிடையே சோதித்துக்கொள்கிறது. முன்பு தாளில் பார்த்தீர்களே, அந்தக் குருட்டுப்புள்ளி, அதுதான் இங்கே உதவிக்கு வருகிறது. அது எங்கே இருக்கிறதோ அங்கேயே மிஷின் அவ்வப்போது நல்ல பிரகாசமாக ஒரு வெளிச்சத்தைக் காட்டும். கண் நடுவில் நின்றிருந்தால் அது தெரியவே கூடாது. நீங்கள் அழுத்தினால் கண் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்படி 20 சதவீதத்துக்கு மேல் போனால் ரிப்போர்ட்டில் அதற்கு அடையாளம் போட்டுவிடும். வெளிச்சமே வராதபோது அழுத்துவது, மனிதரால் முடியாத வேகத்தில் அழுத்துவது எல்லாம் பொய்யான 'ஆமாம்' கணக்கில் சேரும். அது 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ரிப்போர்ட்டை நம்பிச் சிகிச்சையை முடிவு செய்வது கஷ்டம். பொய்யான 'ஆமாம்' இருக்கிற நோயைக்கூட மறைத்துவிடும் என்பதால் எனக்கு அதைக் கண்டால்தான் கூடுதல் கவலை. முன்பு மங்கலாகவே தெரிந்த இடத்தில் பிரகாசமானதைக் காட்டியும் அழுத்தாவிட்டால், களைத்துவிட்டார் அல்லது கண் சொக்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையாகவே நோய் முற்றிய கண்ணிலும் அப்படி வரும்.

மும்பையில் இந்த அறைக்குள் பெரும்பாலும் கேட்கும் வாக்கியம், "சாம்னே தேக்னா, லைட் திக்கா தோ பட்டன் தபானா." நேரே பார், வெளிச்சம் தெரிந்தால் அழுத்து. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவுக்கு இதில் 'லைட்', 'பட்டன்' இரண்டு மட்டும் காதில் விழும். லைட்டைத் தேடி அழுத்த வேண்டும் என்று புரிந்துகொள்வார். செய்யவே கூடாதது அதுதான். கூடப் போகும் மகனோ மகளோ வெளியே காத்திருக்கும்போதே அவரவர் பேச்சில் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எங்கள் கிளினிக்குக்கு வரும் அண்ணாச்சிகளுக்கும் அம்மாக்களுக்கும் நான் சொல்வது இப்படித்தான் இருக்கும்:

"நடுவுல ஒரு மஞ்ச லைட் இருக்கும், அதையே பாத்துக்கிட்டு இருங்க. சுத்தி அங்கங்க மினுக்குனு ஒரு வெளிச்சம் வரும். அதத் தேடாதீங்க, ஓரக்கண்ணுல பட்டா அழுத்துங்க, படலன்னா சும்மா இருங்க. பாதி நேரம் ஒண்ணும் தெரியாது, அது அப்படித்தான், பயப்படாதீங்க. கண்ண இமைக்கலாம், அழுத்துறப்பவே இமைச்சுக்கங்க. முடியலன்னா பட்டன விடாம அழுத்திப் பிடிச்சுக்கங்க, மிஷின் நின்னுடும். மூச்சு விட்டுட்டு மறுபடி பண்ணலாம்."

கடைசியில் சொன்ன அந்த வசதி ஹம்ஃப்ரி மிஷினில் உண்டு, ஆனால் பலருக்கு அது தெரியாது. வேறு மிஷினாக இருந்தால், எப்படி நிறுத்துவது என்று உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். இரண்டு லோக்கல் ரயில் மாறி, நின்றுகொண்டே வந்து, வந்ததும் உட்கார வேண்டாம். பத்து நிமிடம் ஆறிக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இப்போது போடும் கண்ணாடியையும் கண்ணில் விடும் சொட்டு மருந்துகளையும் எடுத்து வாருங்கள், சில மருந்துகள் கண்மணியைச் சுருக்கி மொத்தப் பார்வையையும் மங்கலாகக் காட்டும். மேலிமை தொங்கும் பெரியவர்களுக்கு மேல்பாதி கறுப்பாக வந்து நிற்கும். இமையை டேப் போட்டு லேசாகத் தூக்கிவைத்தால் சரியாகிவிடும். டெக்னீஷியன் மறந்திருந்தால் நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும்

எல்லோர் கண்ணும் முதலில் போவது அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத்தான். கறுப்பைப் பார்த்ததும் முகம் வாடிவிடும். காதுப் பக்கம் ஒரு சிறு கறுப்பு இருந்தால் அது குருட்டுப்புள்ளி, எல்லோருக்கும் இருக்கும். படம் நீங்கள் பார்க்கிறபடியே அச்சாகியிருக்கும், அதனால் வலக்கண் படத்தில் அது வலப்பக்கம் இருக்கும். ஓரங்களில் மங்கலாக இருப்பதும் வயதாக ஆகக் கொஞ்சம் சகஜம். அந்தப் படம் மேலோட்டமாகப் பார்ப்பதற்குத்தான், டாக்டர்கள் அதை வைத்து முடிவெடுப்பதில்லை.

எண்கள் டெசிபலில் இருக்கும். 0 என்றால் மிஷினால் காட்ட முடிந்த மிகப் பிரகாசமான வெளிச்சம் மட்டும் தெரிந்தது. எண் கூடக்கூட இன்னும் மங்கலானதும் தெரிந்தது. 10 டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சமே போதுமானதாக இருந்தது. ஆரோக்கியமான கண்ணில் நடுப்பகுதியில் 30ஐ ஒட்டி வரும். பட்டனை இஷ்டத்துக்கு அழுத்தியவர் ரிப்போர்ட்டில் 40க்கு மேல் எண்கள் வந்து, படத்தில் அந்த இடங்கள் பளிச்சென்று வெளுத்திருக்கும். அவ்வளவு கூர்மையான கண் யாருக்கும் கிடையாது, எனவே மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

கீழே எம்.டி. என்று ஓர் எண் இருக்கும். உங்கள் வயதுக்காரரின் சராசரியிலிருந்து மொத்தமாக எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அது. 0ஐ ஒட்டியிருந்தால் நல்லது. கிளாக்கோமாவில் பொதுவாக -6 வரை ஆரம்பநிலை, -6இலிருந்து -12 வரை நடுநிலை, அதற்கும் கீழே முற்றிய நிலை என்று பிரிப்பார்கள், புள்ளிகள் எங்கே கெட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்து. ஆனால் எம்.டி. இறங்கினாலே கிளாக்கோமா என்று நினைத்துவிடாதீர்கள். கண்புரை இருந்தால் மொத்தப் படமும் ஒரேயடியாக மங்கும், எம்.டி. இறங்கும். அதனால்தான் பக்கத்திலேயே இன்னொரு படம், பொதுவான மங்கலைக் கழித்துவிட்டு அங்கங்கே மட்டும் பள்ளம் இருக்கிறதா என்று காட்டும். கிளாக்கோமா பெரும்பாலும் அங்கே தெரியும். அந்தப் பள்ளம் குருட்டுப்புள்ளியிலிருந்து மையத்தைச் சுற்றி வளைந்து மூக்குப் பக்கம் போய், கிடைக்கோட்டில் வெட்டினாற்போல் நிற்கும். விழித்திரையில் நரம்பிழைகள் மேல்பாதி, கீழ்பாதி என்று அந்தக் கோட்டில் பிரிந்து ஓடுவதால்தான் அந்த வடிவம்.

கண்ணில் இல்லாத கோளாறும் இந்தத் தாளில் தெரியும் என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம். இரண்டு கண்ணிலும் காதுப் பக்கப் பாதிகள் போயிருந்தால், இரு கண்ணின் நரம்புகளும் சந்தித்துப் பாதி இழைகள் பக்கம் மாறும் இடத்தில் ஏதோ அழுத்துகிறது. அதற்கு நேர் கீழே இருப்பது பிட்யூட்டரி சுரப்பி, அதில் கட்டி வளர்ந்திருக்கலாம். இரண்டு கண்ணிலும் இடப்பாதியே போயிருந்தால் கோளாறு மூளையின் வலப்பக்கம், பக்கவாதத்துக்குப் பிறகு இப்படி வருவது உண்டு. நோயாளி என்னவோ "இடது கண்ணு தெரியல" என்றுதான் சொல்லுவார். தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியலைத் தொடாமலே எழுந்துவிடுவார். இரண்டு கண்ணின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

மாலையில் தடுமாற்றம், இருட்டில் நடக்கவே முடியவில்லை என்று வரும் இளைஞர்களை மாலைக்கண் என்று சொல்லி வைட்டமின் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் குச்சி செல்கள் முதலில் கெட்டு, பார்வை வளையமாகக் குறைந்து, கடைசியில் குழாய் வழியே பார்க்கிற அளவுக்குச் சுருங்கும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இது வர வாய்ப்பு கூடுதல். இவர்களுக்கு 24-2 போதாது. வெளிச்சத்தை வெளியிலிருந்து உள்ளே நகர்த்திக்கொண்டு வந்து, எங்கே தெரியத் தொடங்குகிறது என்று எல்லையைக் குறிக்கும் கோல்ட்மன் முறைதான் சரிப்படும். மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கோ நேர் எதிர். அந்த மாத்திரை சிலருக்கு விழித்திரையின் மையப் பகுதியைக் கெடுக்கக்கூடும், அதனால் அவர்களுக்கு மையத்தை நெருக்கமாகப் பார்க்கும் 10-2, அதில் 2 டிகிரி இடைவெளியில் 68 புள்ளிகள். ஆசியர்களுக்கு இந்தச் சேதம் சற்று வெளியே தொடங்குவதும் உண்டு, அதனால் அகலமான டெஸ்ட்டையும் சேர்த்துச் செய்வது நல்லது.

ஒரு தாளை வைத்து எதுவும் முடிவாகாது

முதல் தடவை பலருக்குச் சரியாக வராது. இரண்டாம், மூன்றாம் தடவையில் கை பழகிவிடும், எண்கள் தானாகக் கொஞ்சம் ஏறும். அதனால் முதல் ரிப்போர்ட் மோசமாக வந்து, டாக்டர் "மறுபடி எடுங்க" என்றால் பணம் பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். கிளாக்கோமா உறுதியானவர்களுக்கு முதல் இரண்டு வருடங்களில் டெஸ்ட் அடிக்கடி இருக்கும், எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று தெரிந்தால்தான் மருந்தைக் கூட்டுவதா, ஆபரேஷனா என்று சொல்ல முடியும். பிறகு நிலைமையைப் பொறுத்து வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாதி வருடம் மும்பை, பாதி வருடம் திருநெல்வேலிப் பக்கம் என்று இருப்பவர்கள் இங்கே ஒரு டெஸ்ட், அங்கே ஒரு டெஸ்ட் என்று எடுப்பார்கள். இங்கே எடுத்தது இங்கே பீரோவில், அங்கே எடுத்தது அங்கே. இரண்டு டாக்டருக்கும் பாதிக் கதைதான் தெரியும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறும்போது மாத்திரைப் பெட்டியோடு இந்த ஃபைலும் பையில் இருக்கட்டும். எல்லாத் தாளையும் தேதி தெரியும்படி போனில் படம் எடுத்து மகன், மகள் யாரிடமாவது அனுப்பி வையுங்கள். முடிந்தவரை அதே வகை மிஷினில், அதே 24-2 என்றால் அதே 24-2 எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மிஷினின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

டெஸ்ட்டைச் செய்யவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். நினைவு தடுமாறுகிறவர்கள், கழுத்து வலியில் தாடையை வைக்க முடியாதவர்கள், சின்னக் குழந்தைகள். அவர்களுக்கு ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்து நரம்பிழைகளின் தடிமனை அளக்கலாம், அதில் பட்டன் வேலை இல்லை. ஆனால் இழை எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும், அந்த மனிதருக்கு எவ்வளவு தெரிகிறது என்று சொல்லாது. முடிந்தவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

இந்தத் தாளுக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பார்வைப் புலம் 10 டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தால் அது பார்வையின்மை. 40க்குக் குறைந்து 10 வரை என்றால் குறைபார்வை. எழுத்துப் பலகையில் கடைசி வரியை வாசித்துக்காட்டினாலும் அப்படித்தான். "நல்லாத்தானே வாசிக்கிறீங்க" என்று சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால், ஃபீல்ட் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

40 வயதைத் தாண்டியவர்கள், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது கிளாக்கோமா இருப்பவர்கள், ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீண்ட நாள் விட்டவர்கள், அதிக மைனஸ் பவர் உள்ளவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போதே பிரஷரையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் சந்தேகம் இருந்தால் டாக்டரே ஃபீல்ட் டெஸ்ட்டுக்கு எழுதுவார்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்த டெஸ்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. திடீரென்று ஒரு கண்ணில் ஓரத்திலிருந்து திரை இறங்குவதாகத் தெரிந்தாலோ, மின்னல் வெட்டுவது போலப் பட்டு, கரும்பொட்டுகள் கூட்டமாக மிதந்தாலோ, விழித்திரை கிழிந்து விலகிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் சட்டென்று மறைந்து, கூடவே வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ கண் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 108ஐக் கூப்பிட்டு, பக்கவாதச் சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கு நேராகப் போங்கள்.